பெல்ஜியக் கடற்கரையில் ஆறு நாட்கள்

விடுமுறைப் பயணத்திற்குத் திட்டமிடுவோர் முதலில் தேடுவது இரயில் கால அட்டவணை. அடுத்துத் தேடுவது தங்கும் விடுதி. மாணவ நேயர்களே, இன்று நான் உங்களோடு சேர்ந்து வகுக்க எண்ணியுள்ள பயணத்திற்கு இவ்விரண்டிற்கும் முன்னதாக மற்றோர் அட்டவணை வேண்டும். அது கடலின் ஏற்ற வற்ற அட்டவணை. நாம் செல்லவிருப்பது பெல்ஜியம் நாட்டின் கடற்கரைக்கு. அங்கே எந்த ஊரை எந்த வேளையில் காண்பது, எதை எங்கே உண்பது என்பவற்றையெல்லாம் பாதிக்குமேல் முடிவு செய்வது கடல்தான்.

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சற்றே வியப்பாக இருக்கலாம். நம் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேற்படுவதில்லை. காலையில் கண்ட கரையே மாலையிலும் இருக்கும். வடகடலிலோ நீர் சுமார் நான்கு மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. மணல் மிகவும் தட்டையாக இருப்பதால், வற்றத்தின்போது கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடும். ஆறு மணி நேரம் கழித்துச் சென்றால், நீங்கள் நடந்த இடத்தில் அலை புரளும். ஒவ்வொரு நாளும் இந்நிகழ்ச்சி ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி வரும். ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ட காட்சியை வெள்ளிக்கிழமை அதே பத்து மணிக்குக் காண இயலாது. அட்டவணையை அவ்வூர்க்காரர்கள் கடைகளிலும் சுற்றுலா அலுவலகங்களிலும் வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே நாட்களைப் பங்கிட வேண்டும்.

பெல்ஜியத்தின் கடற்கரை மிகச் சிறியது. மொத்தம் சுமார் 67 கிலோமீட்டர். பிரெஞ்சு எல்லையிலுள்ள டி பன்னே என்னும் ஊரிலிருந்து டச்சு எல்லைக்கு அருகிலுள்ள க்னோக்கே வரையில் ஒரே டிராம் வண்டிப் பாதை செல்கிறது. 1885ஆம் ஆண்டு ஆஸ்டெண்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே நீராவி டிராமாகத் தொடங்கியது இது. பின்னர் இருபுறமும் நீண்டு, இன்று உலகின் மிக நீண்ட டிராம் பாதைகளுள் ஒன்றாக விளங்குகிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டரை மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். மாணவர்க்கு இதைவிட எளிய ஏற்பாடு வேறில்லை. எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம், மீண்டும் ஏறலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்தால் போதும், கடல் முழுதும் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். இக்கரையின் பெரும்பகுதியில் எட்டு மாடி, பத்து மாடிக் குடியிருப்புகள் சுவர்போல் எழுந்து கடலை மறைத்து நிற்கின்றன. ஐரோப்பாவில் ஒரு கரையை இவ்வளவு விரைவாகக் கட்டடங்களால் அடைத்துவிட்ட நாடுகள் சிலவே என்பது என் கருத்து. இறங்கி நடந்தால்தான் கடல்.

ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுப்போம். அப்போது கதிரவன் இரவு பத்து மணி வரையில் மறைவதில்லை. முதல் நாள் டி பன்னே. 1831ஆம் ஆண்டு ஜூலையில், பெல்ஜியரின் முதல் மன்னரான முதலாம் லியோபோல்டு தம் புதிய நாட்டில் அடி வைத்தது இவ்வூர் மணலில்தான். அதற்கொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பாய் கட்டிய சக்கர வண்டியைக் காற்றினால் ஓட்டும் விளையாட்டும் 1898இல் இங்கே பிறந்தது. வற்ற வேளையில் அகன்ற மணல்வெளியில் அவ்வண்டிகள் பறப்பதைக் காணலாம். டி பன்னேயில் மட்டுமன்றி இக்கரை நெடுகிலும் சிறுவர்களின் வாணிபம் ஒன்று நடைபெறுவதை நீங்கள் காணத் தவறக்கூடாது. வண்ணக் காகிதத்தாற் பூக்கள் செய்து, மணலில் மேடையமைத்து, அவற்றைச் சிறுவர்கள் விற்கிறார்கள். விலை பணமன்று, கிளிஞ்சல்கள். இத்தனை கிளிஞ்சலுக்கு இன்ன பூ என்று கணக்குண்டு. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நடந்து வருகிறது. கிளிஞ்சல் பொறுக்குவதற்கும் வற்ற வேளையே ஏற்றது.

இரண்டாம் நாளுக்கு, அட்டவணையில் பகல் வேளையில் வற்றம் வரும் நாளாகப் பார்த்து வைத்திருந்தோம். அன்று ஓஸ்ட்டாய்ன்கெர்க்கே என்னும் சிற்றூருக்குச் செல்கிறோம். பெயரை உச்சரிப்பது கடினமே. டிராம் நிறுத்தப் பலகையில் எழுத்தைப் பார்த்து இறங்கிவிடலாம். இங்கே குதிரையேறி இறால் பிடிக்கிறார்கள். கேட்பதற்குக் கட்டுக்கதை போன்றிருந்தாலும் இது மெய். பிரபாண்டு இனத்தைச் சேர்ந்த கனத்த உழவுக் குதிரைகள், மார்பளவு நீரில், கரைக்கு இணையாக நடக்கின்றன. மஞ்சள் எண்ணெய்த்துணி அங்கி அணிந்த மீனவர் மேலே அமர்ந்திருக்கிறார். குதிரையின் பின்னே புனல் வடிவான வலை. அதன் வாய் மூடிக்கொள்ளாதபடி இரு பக்கமும் மரப்பலகைகள் நீரை எதிர்த்து விரிகின்றன. வலைக்கு முன்னே மணலில் ஒரு சங்கிலி உராய்ந்து செல்கிறது. அந்த அதிர்வினால் மணலில் பதுங்கியுள்ள இறால்கள் துள்ளி எழுந்து வலைக்குள் விழுகின்றன. அரை மணிக்கொருமுறை கரையேறி, வலையை உதறிச் சலித்து, இறாலைக் குதிரையின் இருமருங்கும் தொங்கும் கூடைகளில் இடுகிறார்கள். வற்றத்திற்கு ஒன்றரை மணி முன்பு தொடங்கி, அதற்கு ஒன்றரை மணி பின்பு வரையில்தான் இத்தொழில். பிறகு கடல் வந்துவிடும்.

முற்காலத்தில் கடலோரத்துச் சிறு உழவர்கள், நிலம் தந்தது போதாமையால், உழுத குதிரையையே கடலுக்கும் அழைத்துச் சென்றனர். இம்முறை பிரான்சின் கரையிலும் இங்கிலாந்தின் கரையிலும் இருந்து மறைந்தது. இவ்வூரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தபோது, தொழிலில் ஈடுபட்டிருந்தவை பன்னிரண்டு குடும்பங்களே. அண்மைக் காலத்தில் பெண்களும் பயின்று குதிரையேறியுள்ளனர். இத்தொழிலைக் கொண்டு இன்று ஒருவரும் குடும்பம் நடத்த முடியாது; வேறு வேலையும் பார்த்துக்கொண்டே இதைக் காத்து வருகிறார்கள். குதிரையைக் கடலுக்குப் பழக்குவதே பெரும்பாடு. அலையோசைக்கு அஞ்சாத குதிரை எல்லாத் தொழுவத்திலும் கிடைப்பதில்லை. நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகக் கரையில் நிற்கும்போது, அவர்கள் நமக்காக ஆடிக் காட்டுகிறார்களா, தமக்காக மீன் பிடிக்கிறார்களா என்னும் ஐயம் எழும். எனக்கும் எழுந்தது. இரண்டும் கலந்தே இருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இந்த இறால் சாம்பல் நிறமானது. நம் கூனி இறாலைவிடச் சற்றே பெரிது. பிடித்த அன்றே உப்பு நீரில் வேகவைத்து விடுவார்கள். தக்காளியைக் குடைந்து, அதனுள் தோலுரித்த இறாலை முட்டைக் குழம்பில் குழைத்து நிரப்பித் தருவது கரையோர உணவகங்களின் சிறப்புணவு. பிசைந்து உருட்டிப் பொரித்த இறால் உருண்டையும் உண்டு. உணவகத்தில் அமரும் முன் ஒரு செய்தி அறிந்திருத்தல் நலம். வடகடலில் பெரும்படகுகள் பிடிக்கும் சிற்றிறாலில் மிகுதியானது, கையால் தோலுரிப்பதற்கென்று குளிரூட்டிய வண்டிகளில் மொரோக்கோ நாட்டிற்குச் சென்று திரும்புகிறது. கூலி அங்கே குறைவு என்பதே காரணம். எனவே, கடலைப் பார்த்தவாறு உண்ணும் இறால், அக்கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி வந்ததாகவும் இருக்கலாம். தோலோடு வாங்கி, தலையையும் வாலையும் பிடித்துத் திருகி நாமே உரித்துக்கொள்வது மலிவு, சுவையும் கூடுதல். பெல்ஜியர் பெருமையோடு பரிமாறும் மட்டியும் பெரும்பாலும் அண்டை நாடான நெதர்லாந்தின் சீலாந்துப் பகுதியில் விளைவதே. புலால் உண்ணாதவர்கள் உருளைக்கிழங்கு வறுவலை நம்பிச் செல்வர். இருமுறை பொரிக்கும் அவ்வறுவலைப் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பிலும் பொரிப்பதுண்டு, கேட்டறிந்து வாங்குக.

இந்த உணவோடு அந்நாட்டார் அருந்துவது பீர். மாணவர்க்கான உரையில் மதுவைப் பற்றிய பேச்சு ஏன் என்று சிலர் வினவலாம். குடிப்பதற்கு வழி சொல்ல நான் வரவில்லை. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தையும், சட்டத்தையும், சமயத்தையும் ஒரு கோப்பையினுள்ளே படிக்க முடியுமானால், பூகோளம் கற்பிப்பவன் அதை விட்டுவிடலாகாது. திராட்சை நன்கு விளையாத குளிர்நாடு அது, வாற்கோதுமை விளையும். ஆதலால் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வேகவைத்து, ஹாப் என்னும் கொடியின் காய்போன்ற பூக்கொத்துகளைச் சேர்த்து, ஈஸ்டினால் நொதிக்கச் செய்தனர். ஹாப் கசப்பைத் தருவதோடு பானம் கெடாமலும் காக்கிறது. வெண்பீர் என்றொரு வகை உண்டு. அதில் கோதுமையும், நம் சமையலறையில் உள்ள அதே கொத்தமல்லி விதையும், உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்கின்றன. 1950களில் அவ்வகை அதன் பிறப்பிடமான ஹூகார்டன் ஊரில் அற்றுப்போயிற்று. பியர் செலிஸ் என்னும் பால் வியாபாரி 1960களில் அதை மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டில், வாண்டர்வெல்டே என்னும் சோஷலிசத் தலைவரின் பெயரால் வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. மதுக்கடைகளில் சாராய வகைகளைப் பரிமாறுதல் கூடாது என்றும், கடையில் வாங்குவோர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்றும் அது விதித்தது. தொழிலாளியின் அன்றாடக் கூலி அதற்கு எட்டாது என்பது கணக்கு. சாராயத்தை இழந்தவர்களை ஈர்க்க, பீர் காய்ச்சுவோர் கடுமையான பீர்களை உண்டாக்கினர். 1980கள் வரை அச்சட்டம் நிலைத்தது. பெல்ஜிய பீரின் வீரியத்திற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். மதுவிலக்கைக் கண்ட நம் மாநிலத்து மாணவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது. 2016இல் பெல்ஜியரின் பீர்ப் பண்பாடும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம் பெற்றது.

மூன்றாம் நாள் நியூபோர்ட். இங்கே ஆறு நீர்வழிகள் ஒன்றுகூடும் மதகுத் தொகுதி ஒன்று இருக்கிறது. அதன் அமைப்பைக் கண்டு, வாத்துக் கால் என்று பெயரிட்டிருக்கின்றனர். கடலோரச் சமவெளி முழுதும் இடைக்காலத்தில் துறவியரும் உழவரும் கடலிடமிருந்து மீட்ட நிலம். ஏற்ற வேளையின் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. ஆகையால் வற்றத்தின்போது மதகைத் திறந்து உள்நாட்டு நீரைக் கடலில் விடுவதும், ஏற்றத்தின்போது மூடிக் கடலைத் தடுப்பதும் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கம்.

1914 அக்டோபரில் ஜெர்மானியப் படை ஏறத்தாழ நாடு முழுவதையும் பிடித்துவிட்டது. பெல்ஜியப் படை, ஈசர் ஆற்றின் கரையில், நாட்டின் கடைசித் துண்டைக் காத்து நின்றது. குண்டுகள் தீரும் தறுவாயில் இருந்தன. அப்போது வழக்கத்தை மாற்றுவது என்று முடிவு செய்தனர். ஏற்றத்தில் திறப்பது, வற்றத்தில் மூடுவது. நீர்வழிகளின் கண்காணிப்பாளராயிருந்த கார்ல் காக்கே என்னும் முதியவர் வழி சொன்னார். மதகுக் காவலர்கள் ஊரை விட்டு அகன்றிருந்தமையால், ஹெண்டிரிக் கீரார்ட் என்னும் படகோட்டி வீரர்களுடன் சென்று உதவினார். அக்டோபர் 29ஆம் நாள் இரவு, பகைவரின் நிலைக்கு மிக அருகில், இருளில் கதவுகளைத் திறந்தனர். கடல் திரும்புமுன் மூடினர். அடுத்தடுத்த இரவுகளிலும் இவ்வாறே செய்தனர். நீர் சத்தமின்றி வயல்களில் பரவி, இரயில்பாதைக் கரை வரையில் ஓர் ஏரியாக நின்றது. ஜெர்மானியர் பின்வாங்கினர், நான்கு ஆண்டுகள் அம்முனை ஏறக்குறைய அப்படியே இருந்தது. முன்னோர் மீட்ட நிலத்தை உப்பு நீரில் மூழ்கடித்துத்தான் நாட்டின் அக்கடைசித் துண்டைக் காக்க முடிந்தது. எத்தனை உழவர் அன்றிரவு தம் வயல் போவதை அறியாமலேயே ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தனரோ! மதகுக்கு அருகே 1938இல் எழுப்பிய முதலாம் ஆல்பர்ட் மன்னரின் வட்ட நினைவு மண்டபம் இருக்கிறது. மேலேறிச் சென்று, நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கண்ணாலே கண்டு வரலாம். அப்போது ஏற்ற வேளையாக இருப்பின் நன்று.

நான்காம் நாள் கடலை விட்டு உள்ளே செல்கிறோம். டிராம் இங்கே உதவாது. பேருந்தும் சைக்கிளுமே துணை. சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஈசர் முனைக்குப் பின்புறத்தில், போப்பெரிங்கே என்னும் சிறு நகரம். சுற்றிலும் உயர்ந்த கம்பங்களில் ஹாப் கொடிகள் ஏறியிருக்கும். நம் வெற்றிலைக் கொடிக்காலை நினைவூட்டும் காட்சி, உயரம் மட்டும் மிகுதி. ஹாப்புக்கெனவே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அதற்கருகே வெஸ்ட்விளேட்டரென் என்னும் சிற்றூரில் 1831இல் நிறுவிய புனித சிக்ஸ்துஸ் மடம் உள்ளது. டிராப்பிஸ்ட் துறவியர் மடங்களில் பெல்ஜியத்தில் இன்று தம் முத்திரையோடு பீர் தருபவை ஐந்து. அவற்றுள் மிகச் சிறியது இது. 2005ஆம் ஆண்டில், உலகின் மிகச் சிறந்த பீர் இம்மடத்தினுடையதே என்று பீர்ச் சுவைஞர்கள் கூறிவிட்டனர். மடத்து வாயிலில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. வணிகராயிருந்தால் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கியிருப்பர். துறவியரோ பெருக்கவில்லை. மடம் நடக்க வேண்டிய அளவிற்கு மட்டுமே காய்ச்சுவோம் என்று இருந்துவிட்டனர். முன்பதிவு செய்து கொண்டு, வரையறுத்த அளவே வாங்கலாம். மறுவிற்பனை செய்வதை அவர்கள் விரும்புவதில்லை. மடத்துக் கட்டடம் பழுதுற்றபோது, 2011இல், செலவுக்கென ஒருமுறை வெளிக்கடைகளில் விற்றனர். பணம் சேர்ந்தது, விற்பனையை நிறுத்திக்கொண்டனர். மடத்தினுள் நமக்கு அனுமதி இல்லை. எதிரேயுள்ள உணவகத்தில் மடத்துப் பாலடைக்கட்டியும் ரொட்டியும் கிடைக்கும். அருந்தாதவர்களுக்கு அதுவே போதும். என்னைக் கேட்டால் அந்தப் பாலடைக்கட்டிக்காகவே அவ்வளவு தொலைவு சைக்கிள் மிதிக்கலாம்.

ஐந்தாம் நாள் ஆஸ்டெண்டு. 1838இலேயே இரயில் வந்து சேர்ந்த துறைமுக நகரம். இக்கரையின் அரசி என்று அழைப்பார்கள். நமக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அளித்த பட்டயத்தினால் ஆஸ்டெண்டுக் கம்பெனி தோன்றிற்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள நம் கோவளத்தில் அக்கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பொறாமல் எதிர்த்தமையால் பட்டயம் 1727இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1731இல் கம்பெனி முடிவுற்றது. ஆஸ்டெண்டின் கடலோரத்தில் காணும் தூண் வரிசைகளும் அகன்ற சாலைகளும் பெரும்பாலும் இரண்டாம் லியோபோல்டு மன்னரின் ஆசையால் எழுந்தவை. அம்மன்னர்தாம் 1885 முதல் 1908 வரையில் காங்கோ நாட்டைத் தம் சொந்த உடைமையாக வைத்திருந்து, இரப்பருக்காக அந்நாட்டு மக்களைச் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கியவர். கடற்கரையில் அவருடைய குதிரைச் சிலை நிற்கிறது. அடியில் நன்றி கூறும் காங்கோ மக்களின் வெண்கல உருவங்கள். 2004இல் சிலர் அவ்வுருவங்களுள் ஒன்றின் கையை அறுத்தெடுத்துச் சென்றனர். காங்கோவில் உண்மையிலேயே வெட்டப்பட்ட கைகளை நினைவூட்டவே அவ்வாறு செய்தனர். கையில்லாத அந்த உருவத்தின் முன் சிறிது நேரம் நிற்க, நம் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். பிறகு ஓவியர் ஜேம்ஸ் என்சர் வாழ்ந்த வீடு. 1860 முதல் 1949 வரை வாழ்ந்த அவர், குடும்பத்தார் நடத்திய கடையில் கண்ட கிளிஞ்சல்களையும் முகமூடிகளையும் தம் ஓவியங்களில் ஏற்றினார். துறையில் மெர்காட்டர் என்னும் பாய்க்கப்பல் நிற்கிறது. தொழுநோயாளருக்குத் தொண்டு செய்து ஹவாயில் மறைந்த டேமியன் அடிகளாரின் உடலை 1936இல் தாயகம் கொணர்ந்த கப்பல் அது.

ஆறாம் நாள் காலை டி ஹான். உயர்மாடிகள் இல்லாத, வெண்சுவரும் செவ்வோடும் கொண்ட ஊர் இக்கரையில் இதுவே எனலாம்; கட்டட உயரத்திற்கு விதி வகுத்துக் காத்தனர். 1933இல், ஜெர்மனிக்குத் திரும்ப இயலாத ஐன்ஸ்டைன் மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் வரை இங்கே ஒரு சிறு வீட்டில் தங்கியிருந்தார். காவலர்கள் சூழ அவர் இம்மணலில் உலவினார். இங்கே ஒரு மணி நேரம் போதும்.

பிற்பகலை ஸ்வின்னுக்கு வைத்திருப்போம். க்னோக்கேயில் டிராம் பாதை முடிந்த பிறகு கிழக்கே சில கிலோமீட்டர் செல்ல வேண்டும். இடைக்காலத்தில் இக்கடற்கால்வாயின் வழியாகவே உலகின் சரக்குகள் புரூஜ் நகருக்குச் சென்றன. மணல் மேடிட்டுக் கால்வாய் தூர்ந்தது. 15ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே பெரிய கப்பல்கள் வேறு துறைமுகம் நாடின. புரூஜின் செல்வமும் அவற்றோடு சென்றது. எஞ்சிய சேற்று நிலத்தை 1952இல் பறவைகளுக்குரிய காப்பிடமாக்கினர். மணல் விடவில்லை, அதையும் தூர்க்கத் தொடங்கியது. எனவே பெல்ஜியரும் டச்சுக்காரரும் சேர்ந்து, பழைய கடலணையை அகற்றி, உழுது பயிரிட்ட நிலத்தில் சுமார் 120 ஹெக்டேரை 2019இல் கடலுக்கே திறந்துவிட்டனர். விளைநிலத்தைக் கொடுப்பதற்கு உழவர்கள் எளிதில் இசையவில்லை. பல ஆண்டுகள் வழக்கும் வாதமுமாகக் கழிந்தன. இன்று அங்கே உப்புச் சேற்றில் ஊதாப் பூக்கள் மலர்கின்றன. நாரைகளும் உள்ளான்களும் மேய்கின்றன. அட்டவணையைக் கடைசி முறையாக எடுத்துப் பார்த்து, ஏற்றத்திற்கு ஒரு மணி முன்னதாகச் சென்று புதிய அணையின்மேல் அமர்ந்தால், ஓடைகளின் வழியே நீர் உட்புகுவதைக் காணலாம். திரும்பும் டிராம் இரவு வரையில் இருக்கிறது.